பதிவேட்டில் ஒரு பெயர்
மாநில மருந்தாளுநர் கவுன்சிலின் அதிகாரங்களும் கடமைகளும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வெள்ளி விழா என்றால் வாழ்த்துரை வழங்குவது மரபு. வாழ்த்துவதற்கு இம்மேடையில் என்னினும் தகுதி வாய்ந்த பெரியோர் பலர் இருக்கின்றனர். ஆகையால் நான் வேறொரு பொருள் பற்றிப் பேச நிர்வாகிகளிடம் அனுமதி கேட்டேன். நம் பிள்ளைகள் படித்து முடித்துப் பட்டயம் பெற்ற பிறகு, அவர்கள் தொழில் செய்யலாமா கூடாதா என்பதைத் தீர்மானிக்கும் அமைப்புகள் இந்நாட்டில் உள்ளன. மருத்துவருக்கு ஒன்று, வழக்கறிஞருக்கு ஒன்று, செவிலியருக்கு ஒன்று, மருந்தாளுநருக்கு ஒன்று. அவற்றுள் மருந்தாளுநருக்குரிய மாநில பார்மசி கவுன்சிலை எடுத்துக்கொண்டு, அதன் அதிகாரங்கள் யாவை, கடமைகள் யாவை, அதன் முன் நம் பிள்ளைகள் எவ்வாறு நிற்க வேண்டும் என்பவற்றைச் சொல்ல விரும்புகிறேன். சட்டம் படித்தவன் அல்லன் நான்; பி.ஏ., பி.எட். படித்த பள்ளி ஆசிரியன். இப்பொருளைக் கற்றுக்கொள்ள நேர்ந்ததற்கு என்னுடைய பிழை ஒன்றே காரணம். அப்பிழையைப் பின்னர் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன்.

முதலில் ஒரு பழைய நினைவு. நான் சிறுவனாக இருந்தபோது, என் தாயார் காய்ச்சலுக்கு மருந்து வாங்க என்னைப் பக்கத்து ஊர் மருந்தகத்துக்கு அனுப்புவார். கழுவிய கண்ணாடிப் புட்டி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். மற்றவர்களின் புட்டியைக் கம்பவுண்டர் கையில் வாங்குவார். கலவை மருந்தை ஊற்றுவார். எத்தனை வேளை என்று காட்டும் காகிதப் பட்டையை ஒட்டித் திருப்பித் தருவார். என் புட்டியை மட்டும் படிக்கட்டின்மேல் வைக்கச் சொல்வார். எட்ட நின்று மேலிருந்து ஊற்றுவார். பாதி மருந்து வெளியே சிந்தும். பட்டை ஒட்டப்படாது. எவ்வளவு கொடுப்பது என்று தெரியாமல் என் தாயார் உள்ளங்கையில் ஊற்றிக் கண்ணளவில் கொடுப்பார். இழிவு ஒருபுறம் இருக்கட்டும். அளவு தெரியாத மருந்து ஒரு குழந்தையின் உடலுக்குள் போயிற்றே, அதைக் கேட்பதற்கு ஒருவரும் இல்லை. அதைக் கேட்கும் அதிகாரம் படைத்த அமைப்பு ஒன்று நாட்டில் இருந்தது என்பதும் எங்களுக்குத் தெரியாது.

கவுன்சில் தோன்றிய விதம்

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் யார் வேண்டுமானாலும் மருந்து விற்கலாம், கலக்கலாம் என்ற நிலை இருந்தது. கலப்படமும் போலியும் பெருகவே, 1930-ஆம் ஆண்டில் கர்னல் ஆர். என். சோப்ரா தலைமையில் மருந்து விசாரணைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அக்குழு 1931-இல் தன் அறிக்கையை அளித்தது. அதன் விளைவாக நாளடைவில் இரு சட்டங்கள் பிறந்தன. மருந்தின் தரத்தையும் விற்பனையையும் நெறிப்படுத்த 1940-ஆம் ஆண்டின் மருந்துச் சட்டம். மருந்தைக் கையாளும் மனிதரின் தகுதியை நெறிப்படுத்த 1948-ஆம் ஆண்டின் பார்மசிச் சட்டம்.

இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது. கடைக்கு உரிமம் வழங்குவது மாநில அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. மனிதரைப் பதிவு செய்வது மாநில பார்மசி கவுன்சில். கடை உரிமம் முதலாளியின் பெயரில் இருக்கலாம். முதலாளி எழுதப் படிக்கத் தெரியாதவராகக்கூட இருக்கலாம். ஆனால் மருத்துவரின் சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கும் பணி, பதிவு பெற்ற மருந்தாளுநரால், அல்லது அவருடைய நேரடி மேற்பார்வையில் மட்டுமே நடைபெற வேண்டும். 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளுள் 65-ஆவது விதி இதைக் கூறுகிறது. பார்மசிச் சட்டத்தின் 42-ஆம் பிரிவும், பதிவு பெறாதவர் மருத்துவர் சீட்டுக்கு மருந்து கலந்தோ எடுத்தோ கொடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. தம் சொந்த நோயாளிக்கு மருத்துவரே மருந்து கொடுப்பது மட்டும் இதற்கு விலக்கு.

கவுன்சிலில் அமர்பவர் யார்? சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, பதிவு பெற்ற மருந்தாளுநர்கள் தமக்குள் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர் 6 பேர். மாநில அரசு நியமிப்பவர் 5 பேர். மாநில மருத்துவக் கவுன்சில் தேர்ந்தெடுத்து அனுப்புபவர் ஒருவர். பதவி வழியாக அமரும் அரசு அதிகாரிகள் மூவர். ஆகப் பதினைந்து பேர். தேர்ந்தெடுக்கப்பட்டவர்க்கும் நியமிக்கப்பட்டவர்க்கும் பதவிக் காலம் 5 ஆண்டு. அன்றாட அலுவலைப் பதிவாளர் ஒருவர் நடத்துவார். இந்தப் பதினைந்து நாற்காலிகளுள் ஆறு, வாக்குச் சீட்டால் நிரப்பப்படுபவை என்பதை இங்குள்ள இளம் மருந்தாளுநர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். பதிவேட்டில் பெயர் இருப்பவருக்கே வாக்கு. வாக்களிக்காதவர், பின்னர் கவுன்சில் நம்மைக் கவனிப்பதில்லை என்று குறை சொல்வதில் பொருளில்லை.

சுவரும் வாயிலும்

தொழில் உரிமம் என்பதற்கு இரு முகங்கள் உண்டு. உள்ளே இருப்பவனுக்கு அது சுவர். வெளியே இருப்பவனுக்கு அது வாயில். சில சமயம் இது தலைகீழாகவும் அமையும். நம் சமுதாயம் இவ்விரு முகங்களையும் பார்த்திருக்கிறது.

1948-ஆம் ஆண்டுச் சட்டம் முதல் பதிவேட்டைத் தயாரித்தபோது ஒரு சலுகை காட்டியது. பட்டமோ பட்டயமோ இல்லாதவராயினும், மருத்துவமனையிலோ மருந்தகத்திலோ மொத்தம் ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் மருந்து கலக்கும் பணி செய்தவர் பதிவு பெறலாம் என்றது. நாட்டில் படித்த மருந்தாளுநர் மிகக் குறைவாக இருந்த காலத்தில் அது நியாயமான ஏற்பாடுதான். கம்பவுண்டர்களின் பிழைப்பை ஒரே நாளில் பறிப்பது அறமாகாது. ஆனால் நம் நிலையில் நின்று பாருங்கள். புட்டியைத் தொட விடப்படாதவனுக்கு மருந்து கலந்த ஐந்து ஆண்டு அனுபவம் எங்கிருந்து வரும்? அனுபவத்தைத் தகுதியாக வைத்தால், ஏற்கெனவே உள்ளே நின்றவனே உள்ளே நிற்பான். படிப்பையும் தேர்வையும் தகுதியாக வைத்தால்தான், வெளியே நின்றவன் உள்ளே வர ஒரு வாயில் திறக்கும். ஆகவே, சான்றிதழ் என்னும் தாள் மற்றவர்க்கு ஓர் அலங்காரமாக இருக்கலாம். நமக்கோ அதுவே வழி.

நம் அரசியலமைப்புச் சட்டமும் இதையே உறுதி செய்கிறது. 19-ஆம் பிரிவு, எத்தொழிலையும் செய்யும் உரிமையைக் குடிமக்கள் அனைவர்க்கும் அளிக்கிறது. அதே பிரிவின் 6-ஆம் உட்பிரிவு, ஒரு தொழிலுக்குத் தேவையான கல்வித் தகுதியையோ தொழில்நுட்பத் தகுதியையோ அரசு விதிக்கலாம் என்கிறது. தகுதியை விதிக்கலாம், பிறப்பை விதிக்க முடியாது. நூற்றாண்டுகளாக இந்நாட்டில் தொழிலுக்குப் பிறப்பே உரிமமாக இருந்தது. அவ்வுரிமத்தை வழங்கிய கவுன்சிலுக்குப் பதிவேடும் இல்லை, மேல்முறையீடும் இல்லை. 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டமாகப் பிறந்து, 1976-இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் பெற்ற சட்டத்தின் 4-ஆம் பிரிவு, தீண்டாமையின் பெயரால் ஒருவர் தொழில் செய்வதைத் தடுப்பதைக் குற்றமாக்கியது.

அண்ணல் அம்பேத்கர் 1923-ஆம் ஆண்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராகத் தொழிலைத் தொடங்கினார். அயல்நாட்டில் பெற்ற பட்டங்கள் பல இருந்தும், நீதிமன்றத்தில் நின்று வாதாடும் உரிமையை அவற்றுக்கு அப்பால் தனியாகப் பெற வேண்டியிருந்தது. உரிமம் பெற்ற பிறகும் தீண்டாமை காரணமாக அவரிடம் வழக்குகள் எளிதில் வந்துவிடவில்லை. இதிலிருந்து நான் கற்பது என்ன? உரிமம் வேலையைக் கொண்டுவந்து தருவதில்லை. ஆயினும் உரிமம் இல்லாதவன் நீதிமன்றத்தின் உள்ளே நிற்கவே முடியாது. நிற்பதற்கு இடம் கிடைத்தால்தான், நிலைப்பதற்குப் போராட முடியும்.

என் பிழை

இனி, முன்பு சொன்ன என் பிழைக்கு வருகிறேன். ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு, என்னிடம் படித்த மாணவர் ஒருவர் மருந்தாளுநர் பட்டயப் படிப்பை முடித்துப் பதிவும் பெற்றார். அவருடைய குடியிருப்பில் அந்தப் படிப்பை முடித்த முதல் பிள்ளை அவர். தந்தையார் இல்லை, தாயார் களையெடுத்துப் படிக்க வைத்தவர். பதிவுச் சான்றிதழைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து ஆசி பெற்றார். ஓராண்டு அலைந்தும் மருத்துவமனை வேலை அமையவில்லை. பிறகு திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போனார்.

அப்போது மருந்துக் கடை முதலாளி ஒருவர் அவரைத் தேடி வந்தார். “நீ கடைக்கு வர வேண்டாம் தம்பி, உன் சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்கிறேன், மாதம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் உன் அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன்” என்றார். மாணவர் என்னிடம் வந்து, “ஐயா, இப்படிக் கேட்கிறார்கள், செய்யலாமா?” என்று கேட்டார். நான் சிறிதும் யோசிக்கவில்லை. “பெட்டியில் சும்மா கிடக்கும் தாளுக்குப் பணம் வருகிறதென்றால் நல்லதுதானே அப்பா, அம்மாவுக்கு அரிசிக்காகும்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஓராண்டு கழிந்தது. அக்கடையில், எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பையன் ஒருவன், குழந்தைக்கு எழுதிய சீட்டுக்குப் பெரியவர்களுக்குரிய அளவு மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டான். குழந்தையைப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசென்று காப்பாற்றினார்கள். புகார் எழுந்தது. ஆய்வுக்கு வந்தவர் சுவரில் இருந்த சான்றிதழைப் பார்த்து, இந்த மருந்தாளுநர் எங்கே என்று கேட்டார். பதில் சொல்ல ஆளில்லை.

விளக்கம் கேட்டு மாணவருக்குப் பதிவுத் தபால் வந்தது. பதிவேட்டில் இருந்ததோ பழைய ஊர் முகவரி. கைநாட்டு வைத்துத் தபாலை வாங்கிய தாயார், மகன் வரும்போது காட்டலாம் என்று பெட்டியில் வைத்துவிட்டார். பொங்கலுக்கு வந்த மகன் அதைப் பிரிக்கும்போது நாள் கடந்துவிட்டது. பெயர் நீக்கப்பட்டது, இரண்டு ஆண்டுகளுக்கு மீண்டும் பதிவு செய்ய இயலாது என்று ஆணை வந்தது. முதலாளியோ அடுத்த மாதமே வேறொரு பிள்ளையின் சான்றிதழைச் சுவரில் மாட்டினார்.

“நீங்கள்தானே ஐயா சரி என்றீர்கள்” என்று அந்தத் தம்பி ஒரு நாளும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் பாரம் சற்றுக் குறைந்திருக்கும். அதன் பிறகுதான் சட்டப் புத்தகத்தை வாங்கி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். அவ்வாறு படித்தறிந்ததையே இப்போது உங்கள் முன் வைக்கிறேன்.

கவுன்சிலின் அதிகாரங்கள்

முதலாவது, பதிவேட்டில் பெயரைச் சேர்க்கும் அதிகாரம். தகுதியுடையவர் கட்டணத்துடன் பதிவாளருக்கு விண்ணப்பிக்க வேண்டும். பதிவாளர் விண்ணப்பத்தை மறுத்தால், மறுத்த நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் கவுன்சிலுக்கு மேல்முறையீடு செய்யலாம் என்று 33-ஆம் பிரிவு சொல்கிறது. ஓர் எழுத்தர் வாய்மொழியாக “ஆகாது, போய் வா” என்பது மறுப்பாகாது. மறுப்பை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். எழுத்தில் உள்ள மறுப்புக்குத்தான் மேல்முறையீடு செய்ய முடியும்.

இரண்டாவது, புதுப்பிக்கும் அதிகாரம். பதிவு ஒரு முறை பெற்றுவிட்டால் ஆயுள் முழுவதும் தானாக நிற்கும் என்று எண்ண வேண்டாம். விதித்த புதுப்பித்தல் கட்டணத்தை உரிய நாளில் செலுத்தாதவரின் பெயரைப் பதிவாளர் நீக்கிவிடலாம். இது குற்றத்துக்கான தண்டனை அன்று. உரிய நிபந்தனைகளின்படி பெயரை மீண்டும் சேர்த்துக்கொள்ளலாம். எனினும் பெயர் இல்லாத நாள்களில் தொழில் செய்வது சட்டத்துக்குப் புறம்பானது.

மூன்றாவது, ஆய்வு செய்யும் அதிகாரம். 26-அ பிரிவின்படி ஆய்வாளர்களை நியமிக்கலாம். மருந்து கலக்கும் அல்லது வழங்கும் இடத்துக்குள் சென்று பார்ப்பது, அங்கே பணியில் இருப்பவர் பதிவு பெற்றவர்தாமா என்று விசாரிப்பது, எழுத்து மூலமான புகாரை ஆராய்வது, செயற்குழுவின் ஆணைப்படி வழக்குத் தொடர்வது ஆகியவை அவர்கள் பணிகள். ‘எழுத்து மூலமான புகார்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அதை எழுதும் உரிமை, மருந்து வாங்கும் நம் ஒவ்வொருவருக்கும் உண்டு.

நான்காவது, பெயரை நீக்கும் அதிகாரம். இதுவே மிகக் கடுமையானது. தவறாகவோ, பொய்யுரைத்தோ, உண்மையை மறைத்தோ பெயர் சேர்க்கப்பட்டிருந்தாலும், ஒருவர் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டிருந்தாலும், தொழிலுக்கு இழுக்கான நடத்தை உடையவர் என்று கண்டாலும், செயற்குழு அவர் பெயரை நீக்க ஆணையிடலாம். இனி நீக்கப்பட்டவர் பதிவு பெறவே கூடாதென்றோ, இத்தனை ஆண்டுகளுக்குக் கூடாதென்றோ சொல்லலாம். நீக்கப்பட்ட பெயர் அரசிதழில் வெளியாகும்; சான்றிதழை உடனே பதிவாளரிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

கவுன்சிலின் கடமைகள்

அதிகாரம் இவ்வளவு என்றால், அதற்கு ஈடான கடமையும் உண்டு. ஒருவரின் பெயரை நீக்குமுன் அவர் தரப்பைச் சொல்ல நியாயமான வாய்ப்பு அளிப்பது செயற்குழுவின் கடமை. செயற்குழுவின் ஆணை அதனளவில் முடிந்துவிடுவதன்று. அதை முழுக் கவுன்சிலும் உறுதி செய்ய வேண்டும். உறுதி செய்த நாளிலிருந்து மூன்று மாதங்கள் கழிந்த பிறகே ஆணை நடைமுறைக்கு வரும். உறுதி செய்த செய்தி கிடைத்ததிலிருந்து முப்பது நாள்களுக்குள் மாநில அரசுக்கு மேல்முறையீடு செய்யலாம். இவை யாவும் 36-ஆம் பிரிவில் உள்ளன. பெயர் நீக்க ஆணையைச் சாதாரண நீதிமன்றங்களில் எதிர்க்க முடியாது என்று சட்டம் தடுத்திருந்தாலும், அரசியலமைப்புச் சட்டம் உயர் நீதிமன்றத்துக்கு அளித்துள்ள அதிகாரம் அப்படியே இருக்கிறது.

பார்த்தீர்களா? என் மாணவருக்கு ஒரு வாயில் அன்று, மூன்று வாயில்கள் இருந்தன: செயற்குழுவின் விசாரணை, கவுன்சிலின் உறுதிப்பாடு, அரசுக்கு மேல்முறையீடு. மூன்றும் ஒரு தகரப் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தன. அவற்றைப் பற்றி அவருக்கு ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டிய ஆசிரியனுக்கும் அவை தெரியவில்லை.

நான்காவதாகவும் ஒரு வாயில் உண்டு. போதிய காரணம் இருப்பதாகக் கருதினால், நீக்கிய பெயரைக் கட்டணம் பெற்றுக்கொண்டு மீண்டும் சேர்க்கக் கவுன்சிலுக்கு 37-ஆம் பிரிவு அதிகாரம் அளிக்கிறது. இரண்டு ஆண்டு கழிந்ததும் அந்தத் தம்பியும் நானும் அமர்ந்து ஒரு மனு எழுதினோம். பழியை முதலாளிமேல் மட்டும் போடவில்லை. “நான் இல்லாத இடத்தில் என் பெயரை இருக்க விட்டேன், அது தவறு” என்று அவரே தம் கையால் எழுதினார். பெயர் மீண்டும் சேர்ந்தது. இன்று அவர் ஒரு மருத்துவமனையில் மருந்தாளுநராகப் பணி செய்கிறார்.

சான்றிதழை வாடகைக்கு விடலாமா?

கூட்டத்தில் இருப்போரில் சிலர் மனத்தில் எழும் கேள்வியை நான் அறிவேன். “ஊரெல்லாம் செய்கிறார்கள், வயிற்றுப்பாட்டுக்கு ஏழைப் பிள்ளை செய்தால் மட்டும் குற்றமா?” என்பதே அது. ஊரெல்லாம் செய்கிறார்கள் என்பது உண்மைதான். வாடகைக்கு வாங்கும் முதலாளியின் குற்றம், வாடகைக்கு விடுபவரின் குற்றத்தினும் பெரிது என்பதும் உண்மையே. கடை உரிமத்தின்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டிய துறை அதைச் செவ்வனே செய்ய வேண்டும் என்று வற்புறுத்துவது நம் உரிமை. ஆயினும் மூன்று செய்திகளைச் சிந்திக்க வேண்டுகிறேன்.

ஒன்று, இழப்புக் கணக்கு. பிடிபட்டால் முதலாளிக்குப் போவது சில நாள் வியாபாரம். நம் பிள்ளைக்குப் போவது வாழ்நாள் தொழில். அவருக்கு வேறு சான்றிதழ் கிடைக்கும். நமக்கு வேறு பெயர் கிடைக்காது.

இரண்டு, வேலைக் கணக்கு. ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குத் தாள் கிடைக்கும்போது, முழுச் சம்பளம் கொடுத்து ஆளை எவர் வைப்பார்? ஒரு பிள்ளை சான்றிதழை வாடகைக்கு விடும்போது, அந்தக் கடையில் ஒரு மருந்தாளுநர் வேலை மறைந்துபோகிறது. வேலை இல்லை என்பதால் வாடகைக்கு விடுகிறோம். வாடகைக்கு விடுவதால் வேலை இல்லாமற் போகிறது.

மூன்று, உயிர்க் கணக்கு. மருந்து விதிகளில் ‘எச்’ அட்டவணை என்று ஒன்று உண்டு. அதில் உள்ள மருந்துகளை மருத்துவர் சீட்டு இன்றி விற்கலாகாது. 2013-இல் அறிவிக்கப்பட்ட ‘எச்-1’ அட்டவணை இன்னும் கடுமையானது. காசநோய் மருந்துகளும், வலிமை மிக்க நுண்ணுயிர்க் கொல்லிகள் சிலவும், பழக்கத்துக்கு அடிமையாக்கும் மருந்துகள் சிலவும் அதில் அடங்கும். அவற்றை விற்கும்போது மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் காக்க வேண்டும். சுவரில் தொங்கும் சட்டம் இதை எழுதுமா? சீட்டைப் படித்து, இது குழந்தைக்கு ஆகாது என்று தடுக்குமா? அந்தக் கடைக்கு வருபவர் யார்? பெரும்பாலும் பெரிய மருத்துவரிடம் செல்ல வசதியற்ற கூலித் தொழிலாளர். நம் தாய், நம் தங்கை, நம் பிள்ளை. அளவு தெரியாத மருந்தை உள்ளங்கையில் ஊற்றிக் குடித்த குடும்பத்திலிருந்து வந்தவன் நான். அதே கொடுமை நம் பிள்ளையின் பெயராலேயே இன்னொரு குடும்பத்துக்கு நேரலாமா?

கழகத்துக்கு ஒரு வேண்டுகோள்

பேச்சு பேச்சாகவே முடிந்துவிடலாகாது. ஆகையால் இக்கழகம் செய்யத்தக்க சில செயல்களைச் சொல்லி அமைகிறேன்.

மேல்நிலைத் தேர்வு முடிவு வந்ததும் நம் பிள்ளைகளைத் தரகர்கள் சூழ்ந்துகொள்கிறார்கள். டி.பார்ம். படிப்புக்கு மேல்நிலையில் இயற்பியல், வேதியியலுடன் உயிரியலோ கணிதமோ படித்திருக்க வேண்டும். படிப்பு இரண்டு ஆண்டு. அதன் பிறகு மூன்று மாதங்களுக்குக் குறையாத, 500 மணி நேரச் செய்முறைப் பயிற்சி. எல்லாவற்றுக்கும் மேலாக, அக்கல்லூரி இந்திய பார்மசி கவுன்சிலின் ஒப்புதல் பெற்றதா என்று பார்க்க வேண்டும். ஒப்புதல் இல்லாத கல்லூரியில் நகையை அடகு வைத்துப் படித்த பிள்ளைக்குப் பதிவேட்டில் இடமில்லை. பட்டயம் முடித்தவர்க்கு வெளியேறும் தேர்வு ஒன்றை விதிக்கும் விதிமுறைகளும் 2022-இல் வெளியாயின. இத்தகைய மாற்றங்களை ஆண்டுதோறும் விசாரித்து, சேர்க்கை நாளிலேயே பெற்றோருக்குச் சொல்ல இக்கழகத்தில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்.

அடுத்து, ஒரு குறிப்பேடு. நம் பகுதியிலிருந்து பதிவு பெற்ற ஒவ்வொரு மருந்தாளுநரின் பெயர், புதுப்பிக்க வேண்டிய நாள், இப்போதைய முகவரி ஆகியவற்றை அதில் எழுதி வையுங்கள். வேலைக்காக ஊர் மாறினால் கவுன்சிலுக்கு முகவரி மாற்றம் தெரிவிக்க உதவுங்கள். நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். அன்று அது இருந்திருந்தால், என் மாணவரின் தபால் பெட்டிக்குள் போயிராது.

மூன்றாவது, சொந்தக் கடை. ‘சான்றிதழைக் கொடு’ என்று கேட்டு வருபவருக்கு நம் பிள்ளை, ‘என் கடையில் மாட்டியிருக்கிறேன்’ என்று பதில் சொல்லும் நாள் வர வேண்டும். சில்லறை மருந்துக் கடைக்குக் குறைந்தது 10 சதுர மீட்டர் இடம் வேண்டும் என்கிறது விதி. அது அத்தனை பெரிய இடமன்று. 1974-இல் தொடங்கப்பட்ட தாட்கோ நிறுவனத்தின் கடன் திட்டங்கள் நமக்காக உள்ளவை. 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டபோது, பி.பார்ம்., டி.பார்ம். படித்தவர்களுக்கும் அவற்றை நடத்தும் வாய்ப்பும் மானியமும் அளிக்கப்பட்டன. இத்தகைய அறிவிப்பு வரும்போது விண்ணப்பத்தோடு முதலில் நிற்பவர் நம் பிள்ளையாக இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. கவுன்சில் என்றதும் நம்மவர்க்கு அச்சம் வருகிறது. காக்கி உறையில் முத்திரையோடு தபால் வந்தால், பிரிக்காமல் பெட்டியில் வைப்பது நம் வீடுகளின் பழக்கம். எழுத்து நம்மை அடக்குவதற்கே வந்தது என்ற பழைய அச்சம் அது. அந்த அச்சம் போக வேண்டும். பிரியுங்கள், படியுங்கள், தெரியாவிட்டால் அன்றே இக்கழகத்துக்கு எடுத்து வாருங்கள், நாளுக்குள் பதில் எழுதுங்கள். நம் பெயரை எழுதவும் நீக்கவும் ஒரு மன்றத்துக்கு அதிகாரம் உண்டென்றால், நம் சொல்லைக் கேட்ட பின்பே நீக்க வேண்டும் என்ற கடமையும் அதற்கு உண்டு. நாம் பதில் எழுதினால்தான் அந்தக் கடமை உயிர் பெறும்.

என் மாணவரின் தாயார் இன்றும் இருக்கிறார். சென்ற ஆண்டு மகன் பணி செய்யும் மருத்துவமனைக்குக் காய்ச்சலென்று போயிருந்தாராம். மகன் மருந்தை எடுத்து, உறையின்மேல் காலை, மாலை என்று எழுதி, தாயின் கையில் வைத்து, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினாராம். வரிசையில் பின்னால் நின்ற மற்றவர்களுக்கும் அப்படியே சொல்லி அனுப்பினார் என்று அந்த அம்மையார் என்னிடம் பெருமையோடு கூறினார். பதிவேட்டில் ஒரு பெயர் இருப்பதன் பயன் இதுவே.

இக்கழகம் இன்னும் பல பெயர்களைப் பதிவேடுகளில் சேர்க்கட்டும். சேர்ந்த பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கட்டும்.